பெட்டி படித்த ஒன்பது

கொடுமுடி
18.11.2024

அன்புத் தங்கச்சி அன்புக்கரசிக்கு,

அண்ணன் சாமுவேல் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நான், உன் அண்ணி, பாப்பா மூன்று பேரும் இங்கே மச்சான் வீட்டில் கர்த்தர் கிருபையில் சோறு தண்ணிக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடு.

இந்தக் காலத்தில் எவன் கடிதாசி எழுதுகிறான் என்று சிரிப்பாய். சிம்மைக் கழற்றிக் காவேரியில் போட்டுவிட்டேன். போன் இருந்தால் யாராவது கூப்பிட்டு, "ஏனுங்க சாமுவேலு, நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்கிறார்கள். மரியாதையாகக் கேட்பதுதான் ரொம்ப வலிக்கிறது. மச்சான் போனில் கூப்பிடாதே. இந்த வீட்டில் ஒருவர் பேசினால் ஏழு பேர் காது கொடுப்பார்கள்.

நீ அன்றைக்கு மதியத்துக்கு மேல்தான் உங்கள் கம்பெனி வம்சி சாரோடு தோட்டத்துக்கு வந்தாய். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி நீ கேட்க வேண்டாம். மாசாணம் விடியக்காலம் வாழைக்குத் தண்ணி மாற்றப் போனான். முந்தின நாள் பெய்த மழை போதவில்லை என்று தோட்டத்துக்கார நஞ்சுண்டன் அய்யா ராத்திரியே மோட்டாரைப் போட்டிருந்தார். வடக்கு வேலியில் நீ நட்ட கம்பம் யானை காலடியைக் கண்டுபிடித்தால் காவல் கொட்டாயில் இருக்கிற பெட்டி அடிக்கும், நான் குரல் கொடுத்துத் தோட்டத்தில் இருக்கிறவர்களை வெளியே வரச் சொல்லணும். அதுதான் என் காவல் வேலை. யானை வந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. மாசாணம் போய்ச் சேர்ந்தான்.

வம்சி சார் கம்பத்துக்குப் பக்கத்தில் வண்டித்தடத்தில் குதித்துக் காட்டினார், பெட்டி டாண் என்று அடித்தது. நஞ்சுண்டன் அய்யா என்னைப் பார்த்தார். "தூங்கிப்போட்டேனுங்க" என்று சொன்னேன். நீயும்தான் கேட்டுக்கொண்டு நின்றாய். அத்தோடு முடிந்தது. உன் பெட்டி மேல் ஒரு சொல் வராது, நிம்மதியாக இரு.

மாசாணம் சம்சாரம் பழனியாத்தாளை எங்காவது பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லாதே. கிறிஸ்துமஸுக்கு இங்கே வா.

உன் அண்ணன்,
சாமுவேல்


ஆர்.எஸ்.புரம், கோவை
3.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை அன்பு எழுதுகிறேன். எனக்குத் தலைவலி பரவாயில்லை. அண்ணிக்கும் பாப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஆற்றங்கரைக் காற்று பாப்பாவுக்குச் சேருகிறதா? உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த எங்கள் விடுதி அக்கா சாயிரா பானு, "யாரும்மா அது, அஞ்சு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் காதலிக்கிற ஆளு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்.

பொய் சொல்லக் கூடாது. உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. அதனால்தான் பதில் போட இத்தனை நாள். ஃபிளாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருஷமாக ராவும் பகலும் உட்கார்ந்து அந்தப் பெட்டியைச் செய்தேன். நம் தோட்ட வேலைக்காரர்கள் பயமில்லாமல் தண்ணி கட்டணும் என்றுதான் முதல் பெட்டியை நம் ஊருக்கே கொண்டுவந்தேன். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழித்திருப்பது ஒன்றுதான் உங்கள் வேலை. அது கூடவா முடியாமல் போனது அண்ணா? மாசாணம் அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்ட ஆள். பழனியாத்தாள் அக்கா முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

திட்டிவிட்டேன். இனிமேல் திட்டமாட்டேன்.

இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இன்னும் சில ஊர்களில் பெட்டி கேட்கிறார்கள். இதுவரை கம்பம் பதிந்து வைத்த எண்களை எல்லாம் எடுத்து, மழைக்காலத்தில் எப்படி, வெயில் காலத்தில் எப்படி என்று ஓர் அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார் வம்சி. அதை முடித்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
அன்பு


கொடுமுடி
14.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம். பாப்பாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

திட்டு வந்து சேர்ந்தது. அம்மா இருந்திருந்தால் இதைவிட நாலு சொல் கூட விழுந்திருக்கும், நீ படித்தவள் என்பதால் மிச்சம் பண்ணிவிட்டாய்.

இங்கே மச்சானோடு மஞ்சள் காட்டுக்குப் போகிறேன். வேலை பழகிவிட்டது. தூக்கம்தான் வருவதில்லை. விடியக்காலம் ஆனால் கண் தானாகத் திறந்துகொள்கிறது. உன் அண்ணி, "தூங்குனேன்னு பேர் வாங்குன மனுசன் இப்பிடி முழிச்சுக் கெடந்தா எவன் நம்புவான்?" என்கிறாள். அவள் ஒருத்திதான் நான் தூங்கினேன் என்பதை நம்பவில்லை. கல்யாணம் ஆனதில் இருந்து நான் காவலில் கண் அசந்து அவள் பார்த்ததில்லையாம். நானே சொல்லியும் கேட்கமாட்டேன் என்கிறாள்.

ஒன்று கேட்கணும். கம்பம் எண்களைப் பதிந்து வைக்கும் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்குக் காலையில் வந்ததும் அதில் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன். பார்க்கணும் என்றில்லை.

கிறிஸ்துமஸுக்கு உன் அண்ணி முறுக்கு சுடப்போகிறாள். காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறு. ஈரோட்டில் மாறிக்கொள்ளலாம்.

அண்ணன்,
சாமுவேல்


ஆர்.எஸ்.புரம்
23.12.2024
(அனுப்பாதது)

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குத் தகுதி இல்லை.

அண்ணா, அன்றைக்குப் பெட்டி அடிக்கவில்லை.

நீங்கள் கேட்டதால்தான் அந்தக் காலையின் எண்களைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். யானை கால் வைத்தால் மண் எவ்வளவு அதிர்கிறது என்பதைக் கம்பம் அளக்கும். ரொம்பச் சின்ன எண்ணாக இருக்கும். 0.00004-க்கு மேல் போனால் யானை என்று வைத்திருக்கிறேன். கம்பம் அந்த எண்ணை எழுத்தாக மாற்றிக் கொட்டாய்ப் பெட்டிக்கு அனுப்பும். 0.0003 என்றால் 0.0003 என்றே அனுப்பும். ஆனால் புள்ளிக்குப் பிறகு நான்கு சுழியம் வந்துவிட்டால், நான் நிரல் எழுதிய மொழி தானாகவே அதைச் சுருக்கிவிடும். 0.00009 என்பதை 9e-05 என்று எழுதும். ஒன்பதை எழுதி, புள்ளியை ஐந்து இடம் இடப்பக்கம் தள்ளிக்கொள் என்று அர்த்தம். விஞ்ஞானம் படித்தவர்கள் எழுதுகிற முறை. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

பெட்டியில் இருக்கும் நிரலும் நான் எழுதியதுதான். அது இலக்கத்தையும் புள்ளியையும் மட்டும் படிக்கும், நடுவில் எழுத்து வந்தால் நின்றுவிடும். 9e-05 என்று வந்தால் 9 என்று படித்துவிட்டு நின்றுவிடும். ஒன்பது என்ற அளவுக்கு மண் அதிர்ந்தால் மருதமலையே விழுந்துவிடும். அதனால் ஒன்றுக்கு மேல் எது வந்தாலும் மின்னல் கோளாறு, தள்ளிவிடு என்று எழுதி வைத்திருந்தேன். தள்ளிவிட்டது.

சித்திரை வெயிலில், மண் பாறையாகக் கிடந்தபோது சோதித்தோம். எந்த யானையும் 0.0003-க்குக் குறைந்து பதியவில்லை. வம்சி குதித்த வண்டித்தடமும் இறுகின மண், அதனால்தான் அடித்தது. சேறான வாழைக்காட்டில் யானை மெத்தையில் நடப்பது போல நடந்திருக்கிறது. அந்த விடியலில் வரிசையாக 9e-05, 8e-05, 9e-05, 7e-05. மனிதர்கள் நடப்பதும் இப்படித்தான் சுருங்கி வந்து தள்ளப்பட்டிருக்கிறது. ஆள் நடந்தால் அடிக்கக் கூடாது என்பதால் பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணை எட்டு இடம்வரை முழுசாக எழுது என்று ஒரே ஒரு வரி சேர்க்கணும். அவ்வளவுதான். நேற்றே சேர்த்துவிட்டேன். இங்கிருந்தபடியே கம்பத்துக்கு அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உங்களை அப்படித் திட்டினேனே அண்ணா. இதை எப்படி


ஆர்.எஸ்.புரம்
9.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மூவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாழ்த்துகள். நான் நன்றாக இருக்கிறேன். பாப்பாவின் சளி திரும்ப வரவில்லையே? வெந்நீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

வர முடியாமல் போய்விட்டது. கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தோடு பார்சலில் உங்களுக்கு ஒரு கம்பளி, அண்ணிக்குச் சேலை, பாப்பாவுக்கு இரண்டு கவுன், ஷூ, வண்ணப் பென்சில், பிளம் கேக். கேக் ஆர்.எஸ்.புரத்தில் நல்ல கடையில் வாங்கியது, முட்டை போட்டது, மச்சான் வீட்டில் சாப்பிடுவார்கள்தானே?

இங்கே குளிர் அதிகம். சாயிரா பானு அக்கா சுக்குக் காப்பி போட்டுத் தருகிறார். மார்கழி பிறந்ததில் இருந்து கோலம் பார்த்துக்கொண்டே அலுவலகம் போகிறேன். சாலையெல்லாம் பறித்துப் போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டி ஓட்டவே முடியவில்லை. பெட்டியில் ஒரு சின்ன வேலை இருந்தது, செய்துவிட்டேன். நன்றாகத் தூங்குங்கள் அண்ணா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றையும் நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். நடந்தது நடந்துவிட்டது.

அன்புடன்,
அன்பு


கொடுமுடி
16.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். இங்கே சுகம். நீ சுகமா? கடிதத்தில் கையெழுத்து ஒரு மாதிரி ஓடியிருந்தது, அதனால் கேட்கிறேன்.

பார்சல் கல்யாணச் சீர் மாதிரி வந்து இறங்கியது. மச்சான் சம்சாரம், "உங்க தங்கச்சி என்ன, கடையையே தூக்கி அனுப்பிப்போட்டாங்க?" என்றாள். பாப்பா ஷூவைப் போட்டுக்கொண்டே படுக்கிறாள். நீ வந்திருந்தால் இதெல்லாம் எதுக்கு?

இப்போது மஞ்சள் வேக வைக்கிற காலம். என் கையைப் பார்த்தால் எந்த விசேஷ வீட்டுக்கு மாப்பிள்ளை என்று கேட்பாய்.

ஊர்க்காரர் ஒருவரைப் போன வாரம் கோயில் படித்துறையில் பார்த்தேன். அப்துல் கையூம், நம் தேங்காய் வியாபாரி. ஒளிந்துகொள்ள இடம் இல்லை. நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். உன் பெட்டி இப்போது பிரமாதமாக அடிக்கிறதாம். எனக்கு அப்புறம் வந்த காவல்காரன் மூன்று தடவை யானையைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். ஈரக்காடாக இருந்தாலும் விடுவதில்லையாம். "பெட்டியில ஒரு குத்தமும் இல்லீங்க, ஆளுதான் சரியில்லாம இருந்துருக்குதுன்னு ஊரே பேசுது. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அவர் ஆறுதல் சொல்கிறாராம்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உலையைக் கிளறினாள். அப்புறம், "அப்ப நெசமாவே தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அன்றிலிருந்து விடியலில் நான் முழித்துக் கிடந்தாலும் எதுவும் சொல்வதில்லை. இத்தனை நாள் அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்ததே எனக்கு ஒரு தெம்பாக இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது.

பெட்டியில் சின்ன வேலை என்று எழுதியிருந்தாயே, என்ன வேலை?

அண்ணன்,
சாமுவேல்


ஆர்.எஸ்.புரம்
2.3.2025

அண்ணா,

சுகமா என்று கேட்கிறேன். அண்ணியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அண்ணியிடம் முதலில் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் தூங்கியிருந்தாலும் தூங்காவிட்டாலும் ஒன்றுதான். அன்றைக்குப் பெட்டி அடிக்கவில்லை. தப்பு என்னுடையது. இத்தோடு வைத்திருக்கும் பழைய தாள் டிசம்பரில் எழுதி, பாதியில் நிறுத்தி, மெத்தைக்கு அடியில் வைத்திருந்தது. என்ன நடந்தது என்று அதில் இருக்கிறது. தேதியைப் பாருங்கள். அதை எழுதிய பிறகுதான் உங்களுக்குக் கேக்கும் கம்பளியும் அனுப்பினேன். நடந்தது நடந்துவிட்டது என்று உங்களுக்கே எழுதினேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் எனக்கு.

நீங்கள் கேட்ட அந்தச் சின்ன வேலை இதுதான். யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் இனி யாருக்கும் ஆபத்தில்லை, பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிசெய்ததுதான் உங்களைக் குற்றவாளி ஆக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டி அடிக்க அடிக்க உங்கள் பெயர் கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அண்ணி உங்களை நம்பாமல் போனது என் கையால் நடந்தது.

வம்சியிடம் போன மாதம் சொன்னேன். "சரி பண்ணிட்டல்ல? அப்புறம் எதுக்கு ஊரக் கூட்டணும்?" என்றார். எனக்கும் அந்த நிமிஷம் அது நியாயமாகத்தான் பட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் என்ன செய்யட்டும் அண்ணா? நஞ்சுண்டன் அய்யாவிடமும் பழனியாத்தாள் அக்காவிடமும் போய்ச் சொல்லட்டுமா? நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுதினதும் போகிறேன்.

அன்பு


ஆர்.எஸ்.புரம்
15.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பதில் இல்லாததால் அதுவும் தெரியவில்லை. ஆறு வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். சாயிரா பானு அக்கா இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.

முதலில் உங்கள் மேல் வருத்தப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டது நாள் கடத்துகிற வேலை என்று. நீங்கள் வேண்டாம் என்று எழுதிவிடுவீர்கள் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். அதனால் குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கிருந்தே தொண்டாமுத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

நஞ்சுண்டன் அய்யா மோட்டார் ரூமுக்கு முன்னால் நின்றிருந்தார். சொன்னேன். எண்ணைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவருக்கு அது பிடிபடவில்லை என்றாலும் விஷயம் பிடிபட்டது. காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மணி, இத அன்னைக்கே பாத்துருக்க முடியாதா?" என்று கேட்டார். முடிந்திருக்கும் என்று சொன்னேன். "உங்க அண்ணனை ஒரு நல்ல வார்த்த சொல்லி அனுப்பல நானு" என்றார். வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "வா, நானும் வாரேன்" என்று காலனிக்கு என்னோடு நடந்தே வந்தார். அவர் வீட்டு ஆண்கள் யாரும் நம் தெருவுக்குள் நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

பழனியாத்தாள் அக்கா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, "அப்ப சாமுவேலு தூங்குலியா?" என்றார்.

"தெரியலீங்க அக்கா. தூங்கலைன்னாலும் பெட்டி அடிச்சிருக்காது" என்றேன்.

"பெட்டி அடிக்குலீன்னா, அவன் எதுக்குத் தூங்கிப்போட்டேன்னு சொன்னான்?"

அவர் விடவில்லை. "நீ அவனக் கேக்குலியா கண்ணு?" என்றார்.

அண்ணா, நான் ஒரு முறை கூடக் கேட்கவில்லை. முதலில் நீங்கள் தூங்கினீர்கள் என்று நம்பியதால் கேட்கவில்லை. பிறகு என் தப்பு தெரிந்ததால் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்பட்ட பதிலை நீங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டீர்கள், அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா கேட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

"இனி இங்க வராத அம்மணி. கோவமில்ல. உன்னையப் பாத்தா எனக்கு அந்தக் காலநேரம் ஞாபகம் வருது" என்று சொல்லி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெட்டி கேட்ட ஊர்களுக்கெல்லாம் என்ன கோளாறு இருந்தது, எத்தனை நாள் மறைத்தேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். வம்சி இன்னும் பேசவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது.

இப்போது கேட்கிறேன். நீங்கள் தூங்கினீர்களா அண்ணா?

அன்பு


கொடுமுடி
6.5.2025

அன்புத் தங்கச்சி அன்புக்கரசிக்கு,

ஸ்தோத்திரம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் இரண்டு கடிதமும், அந்தப் பழைய தாளும் வந்து சேர்ந்தன. பதில் போடாததற்கு மஞ்சள் வேலையைக் காரணம் சொல்லலாம். அது காரணம் இல்லை. உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். டிசம்பரிலேயே தெரிந்தும் இரண்டு மாசத்துக்கு மேல் என்னைக் கம்பளி போர்த்தித் தூங்கச் சொன்னாயே என்று. பதில் எழுதத் தாளை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஈஸ்டர் ஆராதனைக்குக் கூட நான் உள்ளே போகவில்லை.

நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நான் தூங்கவில்லை.

நீ இதைக் கேட்கணும் என்று ஐந்து மாசம் காத்திருந்தேன். அன்றைக்குக் காலை எண்கள் இருக்குமா என்று எழுதினேன். சின்ன வேலை என்ன என்று எழுதினேன். நீ கம்பளி அனுப்பினாய்.

வம்சி சார் வண்டித்தடத்தில் குதித்துப் பெட்டி அடித்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நீ பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெட்டி அடிக்கவில்லைங்க என்று நான் சொல்லியிருந்தால் அந்த முகம் என்ன ஆகியிருக்கும்? நம் தெருவிலிருந்து படித்து மேலே போன பிள்ளை நீ ஒருத்திதான். அதனால் தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். இதை உன் அண்ணியிடம் சொன்னபோது, "அப்பவே எனக்குத் தெரியும்" என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு என்னை அடிக்க வந்தாள்.

ஆனால் உனக்காக மட்டும் சொன்னேன் என்று நீ நினைத்துக்கொண்டு அழுதால் அதுவும் பொய்யாகிவிடும். மிச்சத்தையும் கேட்டுக்கொள்.

அன்றைக்கு விடியலில் நாய் குரைத்தது. அப்புறம் வாடை வந்தது. சின்ன வயசில் இருந்து காட்டோரம் கிடந்தவனுக்கு அந்த வாடை தெரியாமல் போகுமா? எழுந்து நின்றேன். வாய்வரைக்கும் குரல் வந்துவிட்டது, "மாசாணம், வெளிய வாடா" என்று. பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. அன்பு செய்த பெட்டி சொல்லவில்லை என்றால் யானை இல்லை, நமக்குத்தான் பிரமை, நாலு பேரை வீணாக ஓட வைத்துக் கேலிக்கு ஆளாக வேண்டாம் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து டீ ஊற்றிக் குடித்தேன், அன்பு. அவன் கத்தினது அப்போதுதான் கேட்டது.

தூங்கினவனை எப்போதாவது மன்னிப்பார்கள். முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை? அந்தப் பயத்தில்தான் தூக்கத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். உன் எண் எங்கே தப்பியது என்று உனக்குத் தெரிந்துவிட்டது, ஒரு வரி எழுதிச் சரிசெய்தும் விட்டாய். என்னுடையது ஒரு குரல். அதை இனிமேல் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

நீ உன் பங்கைச் சொல்லிவிட்டாய். அதனால் இப்போது ஊரில் நான் நல்லவன் ஆகிவிட்டேன். நஞ்சுண்டன் அய்யா மச்சான் போனுக்குக் கூப்பிட்டு, "வந்துரு சாமுவேலு, உன்மேல ஒண்ணும் இல்லீன்னு தெரிஞ்சுபோச்சு" என்கிறார். பழனியாத்தாள் எனக்காக வருத்தப்படுகிறாளாம், வீணாகப் பழி சுமத்திவிட்டோம் என்று. அவள் எனக்காக வருத்தப்படக் கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். காந்திபுரத்தில் எனக்காக நிற்காதே. பழனியாத்தாள்தான் உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே. நான் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு, முடிந்தால் சாயங்காலம் உன் விடுதிக்கு வருகிறேன். ராத்திரி ஆகியும் வரவில்லை என்றால் தேடாதே, அவள் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
சாமுவேல்